கூரை ஒழுகவில்லை, ஆனாலும் க்ளெய்ம் போட வேண்டுமா?

கேள்வி இது: டாலஸுக்கு வடக்கே வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் பத்து நிமிடம் ஆலங்கட்டி மழை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா பின்கட்டில் அள்ளி வைத்த கட்டிகள் எலுமிச்சைப் பழ அளவில் இருந்தன. ஒரு ஜன்னல் உடைந்தது. கூரை கீழிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, எங்கும் ஒழுகவில்லை. மறுநாளே ஒரு ரூஃபர் (கூரை போடுபவர்) கதவைத் தட்டி, “முழுக் கூரையும் போச்சு. உங்கள் கையிலிருந்து ஒரு டாலர் போகாது, டிடக்டிபிளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இங்கே ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்றார். (டிடக்டிபிள் என்பது காப்பீட்டுக் கம்பெனி தருவதற்கு முன் சேதத்தில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய முதல் பங்கு.) போடலாமா? வீட்டுக் காப்பீட்டில் க்ளெய்ம் போட்டால் பிரீமியம் ஏறுமா?

முதலில் நேரடியான பதில். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதே சமயம், ஒழுகவில்லை என்பதை வைத்துக் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவுக்கும் வராதீர்கள். இந்தப் பக்கம் வீடுகளை ஆய்வு செய்வதுதான் என் தொழில். ஆலங்கட்டி மழையால் நம்மவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்: அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் ஒரு பக்கம், ஒழுகும்வரை காத்திருந்தவர்கள் இன்னொரு பக்கம்.

உங்கள் அம்மாவுக்கு இது அதிர்ச்சியாக இருந்திருக்கும். நம் ஊரிலும் கோடை மழையோடு ஆலங்கட்டி விழுவதுண்டு. ஆனால் அங்கே காற்றின் வெப்பம் உறைநிலைக்கு இறங்கும் உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். அவ்வளவு தூரம் சூடான காற்று வழியாக இறங்கும்போது கட்டி கரைந்து சிறுத்துவிடுகிறது. வடக்கு டெக்ஸாஸில் வசந்த காலத்தில் மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து ஈரமான சூட்டுக் காற்று வருகிறது, மேற்கிலிருந்து வறண்ட காற்று வருகிறது, மேலே குளிர்ந்த காற்று வேகமாக ஓடுகிறது. மூன்றும் சேரும் இடத்தில் எழும் இடிமேகத்துக்குள் காற்று செங்குத்தாக மேலே பாய்ந்து, பனிக்கட்டியைக் கீழே விழவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் திரவமாகவே இருக்கும் நீர்த்துளிகள் அதன் மேல் ஒட்டி ஒட்டி உறைகின்றன. காற்றால் தாங்க முடியாத எடை வந்ததும் கட்டி விழுகிறது. 2021 ஏப்ரலில் சான் அன்டோனியோவுக்கு மேற்கே ஹோண்டோவில் விழுந்த ஒரு கட்டியின் விட்டம் 6.4 அங்குலம்.

அமெரிக்க வானிலைச் சேவை 1 அங்குலத்திலிருந்தே கடுமையான ஆலங்கட்டி என்கிறது. எலுமிச்சை அளவென்றால் உங்களுடையது அதைத் தாண்டியது, ஒன்றே முக்கால் அங்குலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த அளவுக் கட்டி மணிக்கு 40 மைல் வேகத்தில் வந்து மோதும். பக்கவாட்டுக் காற்றும் சேர்ந்தால் இன்னும் மோசம். 2016 ஏப்ரல் 11 அன்று டாலஸுக்குப் பக்கத்தில் உள்ள வைலியில் பேஸ்பால் அளவுக்கும் மேலான கட்டிகள் விழுந்து, ஊரின் பெரும்பாலான வீடுகளில் கூரையும் ஜன்னலும் போயின, பள்ளிகளை மூட வேண்டி வந்தது. மறுநாளே சான் அன்டோனியோவில் விழுந்த மழையில் காப்பீட்டு இழப்பு மட்டும் 130 கோடி டாலரைத் தாண்டியது. 1995 மே 5 அன்று ஃபோர்ட் வொர்த்தில் திறந்தவெளித் திருவிழா ஒன்றின் மேல் சாஃப்ட்பால் அளவுக் கட்டிகள் கொட்டி நூறு பேருக்கு மேல் அடிபட்டார்கள். சொந்த வீடு வைத்திருப்பவருக்கு இந்தப் பக்கம் இது எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய செலவு.

சரி, உங்கள் கூரைக்கு வருவோம்.

இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பது அஸ்ஃபால்ட் ஷிங்கிள். நடுவில் கண்ணாடி இழையால் ஆன மெல்லிய பாய், அதன் இரு பக்கமும் தார், மேலே பொடிக்கற்கள். பொடிக்கல் அழகுக்காக ஒட்டியதல்ல. டெக்ஸாஸ் வெயிலிலிருந்து தாரைக் காப்பது அதுதான். கட்டி விழுந்த இடத்தில் பொடிக்கல் உதிர்ந்து கருப்பாகத் தெரியும். அதைவிட முக்கியம், உள்ளே இருக்கும் பாய் கிழிந்ததா என்பது. விரலால் அழுத்தினால் அந்த இடம் அடிபட்ட மாம்பழம்போல மெத்தென்று அமுங்கும். மேல்தோல் முழுசாக இருக்கும், உள்ளே கன்றிப்போயிருக்கும். இப்படி அடிபட்ட ஷிங்கிள் அன்றைக்கே ஒழுகாது. வெயில் தாரைத் தின்று, விரிசல் அகன்று, சில வருடம் கழித்து ஒரு நாள் ஹாலின் சீலிங்கில் மஞ்சள் வட்டம் தெரியும். அப்போது போய்க் கேட்டால், “எந்த மழையில் ஆனது? ஏன் அப்போதே சொல்லவில்லை?” என்பார்கள். பல பாலிசிகளில் காற்று, ஆலங்கட்டி க்ளெய்முக்கு மழை பெய்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு.

நீங்கள் கூரை மேல் ஏறவே வேண்டாம். ஈரமாக இருந்தாலும் காய்ந்திருந்தாலும் உதிர்ந்த பொடிக்கல் மேல் கால் வைத்தால் வழுக்கும். தரையில் நின்றே நிறையத் தெரிந்துகொள்ளலாம். கூரை விளிம்பில் மழைநீரை வாங்கும் கட்டரின் குழாய் தண்ணீரைக் கொட்டும் இடத்தில், மணலை அள்ளிப் போட்டதுபோலக் கருப்புப் பொடி குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கூரையிலும் கொஞ்சம் உதிரும், ஆகவே அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. மெல்லிய உலோகங்கள் இன்னும் நம்பகமான சாட்சி: கட்டரின் விளிம்பு, கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் புகைக்குழாய் மூடி, காற்றுப்போக்கியான வென்ட், கராஜ் கதவு. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது கராஜ் கதவைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள், நேரே நின்றால் தெரியாத பள்ளங்கள் அப்போது நிழலோடு தெரியும். வெளியே இருக்கும் ஏசி யூனிட்டின் மெல்லிய அலுமினியத் தகடுகள் எந்தப் பக்கம் மடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். கட்டி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அதுவே சொல்லும். அந்தத் திசையைப் பார்த்த கூரைச் சரிவில்தான் அடி அதிகம் இருக்கும்.

இதில் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மரவேலியிலும் ஏசி பெட்டியின் மேலும் பழைய அழுக்கு நீங்கி வெளிறிய வட்டங்கள் தெரியும். கட்டி மோதிய தடம் அது. சில வாரங்களில் வெயிலும் மழையும் அதை அழித்துவிடும். இன்றே ஒவ்வொரு தடத்தின் பக்கத்திலும் ஒரு ரூலரோ கால் டாலர் நாணயமோ வைத்துப் படம் எடுங்கள். கால் டாலர் நாணயம் கிட்டத்தட்ட 1 அங்குலம், சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டுக் கம்பெனி அனுப்பும் எல்லா அட்ஜஸ்டருக்கும் பழகிய அளவு. அம்மா எடுத்து வைத்த கட்டிகள் ஃப்ரீஸரில் இருந்தால் அவற்றையும் அப்படியே படம் எடுங்கள். ஜன்னல் வலைகள், பின்கட்டுக் கூடாரம், கிரில், செடித்தொட்டி எல்லாவற்றையும் எடுங்கள். போன் படத்தில் தேதி தானாகப் பதிந்துவிடும்.

உடைந்த ஜன்னலை இதற்குள் மூடியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலும் சேதம் ஆகாமல் தடுப்பது பாலிசிப்படி உங்கள் கடமை. பிளைவுட், தார்ப்பாய், ஆள்கூலி எதற்கானாலும் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், க்ளெய்மில் சேர்க்கலாம். உடைந்த பாகங்களை அட்ஜஸ்டர் பார்க்கும்வரை தூக்கி எறிய வேண்டாம். நிரந்தரப் பழுதுபார்ப்பை அதுவரை தள்ளிப்போடுங்கள். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள அட்டிக்கிலும் ஏறி, பலகையில் ஈரத் தடமும், குழாய்கள் கூரையைத் துளைத்து வெளியேறும் இடங்களில் பகல் வெளிச்சமும் தெரிகிறதா என்று பாருங்கள். மரச்சட்டங்கள் மேல் மட்டும் கால் வையுங்கள், இடையில் வைத்தால் சீலிங்கைக் கிழித்துக்கொண்டு கீழே வருவீர்கள்.

அடுத்தது பாலிசி. முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டியதில்லை, முதல் இரண்டு மூன்று பக்கத்தில் இருக்கும், பாலிசியின் சுருக்கமான டெக்லரேஷன் பக்கத்தை எடுங்கள். இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்.

ஒன்று, காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் உள்ள டிடக்டிபிள். இது மற்ற டிடக்டிபிளிலிருந்து தனியாக, பெரும்பாலும் 1 சதவீதம் அல்லது 2 சதவீதம் என்று இருக்கும். சேதத்தில் 2 சதவீதம் என்று நினைத்துக்கொள்பவர்கள் பலர். அப்படியல்ல, வீட்டுக்குக் காப்பீடு செய்த மொத்தத் தொகையில் 2 சதவீதம். 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு என்றால் முதல் 8,000 டாலர் உங்களுடையது.

இரண்டு, கூரைக்கு எந்த மதிப்பில் தருகிறார்கள் என்பது. புதிதாகப் போட ஆகும் செலவா, அல்லது வயதுக்கேற்ப தேய்மானம் கழித்த மதிப்பா? உங்கள் கூரை பத்து வயது, மாற்ற 20,000 டாலர் ஆகும், தேய்மானம் 8,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் வகைப் பாலிசியில் 20,000-லிருந்து தேய்மானம் 8,000-ஐயும் டிடக்டிபிள் 8,000-ஐயும் கழித்து, முதலில் 4,000-க்கு ஒரு காசோலை வரும். அதைப் பார்த்துவிட்டு, கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று பலர் கோபப்படுகிறார்கள். ஆனால் வேலையை முடித்து பில்லைக் கொடுத்ததும் நிறுத்திவைத்த 8,000 வரும். ஆக உங்கள் கைச்செலவு 8,000. இரண்டாவது வகையில் அந்த 4,000-த்தோடு சரி, மீதி 16,000 உங்கள் தலையில். பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று இந்த இரண்டாவது வகையை எடுத்தவர்கள், அது என்ன என்றே தெரியாமல் எடுத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. விற்பவர் அந்த ஒரு வரியைத் தமிழில் ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால் போதும்.

நிறுத்திவைத்த தொகையைக் கேட்கவும் கெடு உண்டு. வேலையை எப்போதுக்குள் முடிக்க வேண்டும் என்று அட்ஜஸ்டரிடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் இருப்பதால் காசோலையில் உங்கள் பெயரோடு கடன் கொடுத்த கம்பெனியின் பெயரும் இருக்கலாம். அவர்களும் கையெழுத்திட்டால்தான் அது பணமாகும், அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். ரூஃபருக்கு நாள் குறிக்கும் முன்பே அவர்களைக் கூப்பிட்டு நடைமுறையைக் கேட்டுவிடுங்கள்.

இப்போது அந்த ரூஃபர் சொன்னதற்கு வருகிறேன். டிடக்டிபிளைத் தானே ஏற்பது, தள்ளுபடி செய்வது, வேறு பெயரில் திருப்பித் தருவது எல்லாம் டெக்ஸாஸில் சட்டவிரோதம். 2019 செப்டம்பர் 1 முதல் இதற்குத் தெளிவான சட்டம் இருக்கிறது. டிடக்டிபிளைக் கட்டியதற்கான ஆதாரத்தை, அதாவது பணமாகிவிட்ட காசோலையின் நகலோ கார்டு ஸ்டேட்மென்ட்டோ, உங்களிடம் கேட்கக் காப்பீட்டுக் கம்பெனிக்கு உரிமை உண்டு. ஆதாரம் இல்லையென்றால் நிறுத்திவைத்த தொகையைத் தர மறுக்கலாம். ஆக அவர் உங்களுக்குத் தருவதாகச் சொன்னது சலுகை இல்லை, கம்பெனிக்குப் பொய்யான பில் கொடுக்க உங்களையும் கூட்டுச் சேர்க்கிறார். தெரிந்தே சம்மதித்தால் உங்கள் மேலும் குற்றம் வரும். விசாவில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரூஃபர்களுக்கு டெக்ஸாஸ் மாநிலம் லைசென்ஸ் எதுவும் தருவதில்லை. ஒரு லாரியும் ஏணியும் இருந்தால் யாரும் ரூஃபர்தான். ஆலங்கட்டி விழுந்த ஊர்களைத் துரத்திக்கொண்டு மாநிலம் மாநிலமாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்து ஆறு மாதத்தில் ஒழுகினால் அவர்கள் போன் எடுக்க மாட்டார்கள். கதவைத் தட்டுகிற எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளூரில் பல வருடமாக அலுவலகம் வைத்திருப்பவர், வேலையின்போது பிறருக்கு ஆகும் சேதத்துக்கான லயபிலிட்டி காப்பீட்டுச் சான்று காட்டுபவர், உங்கள் தெருவிலேயே முன்பு வேலை செய்த வீட்டைக் காட்டக்கூடியவர் என்று இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்.

ரூஃபர் உங்கள் சார்பில் காப்பீட்டுக் கம்பெனியோடு க்ளெய்மைப் பேசி முடிப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. சேத விவரத்தையும் விலையையும் அவர் விளக்கலாம், அவ்வளவுதான். “இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுமதி” என்று சொல்லி நீட்டும் காகிதத்தில், “காப்பீடு ஒப்புக்கொண்டால் வேலையை எங்களுக்கே தருவேன்” என்ற வரி அடியில் இருக்கும். நீங்கள் சொல்லும் காகிதமும் அந்த ரகமாகத்தான் இருக்க வேண்டும். யாராவது படிப்பவர்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், வீட்டு வாசலில் வந்து விற்ற ஒப்பந்தத்தை மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம் என்பதை நினைவில் வையுங்கள். இன்னொன்று: முன்பின் தெரியாதவரைத் தனியாகக் கூரை மேல் அனுப்பாதீர்கள். ஷிங்கிளைச் சுத்தியலாலோ நாணயத்தாலோ சேதப்படுத்திவிட்டு இறங்கி வந்து படம் காட்டுபவர்களும் உண்டு. உண்மையான ஆலங்கட்டித் தடம் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும், பக்கத்து வென்ட்டிலும் பள்ளம் இருக்கும். வென்ட் வழவழவென்று இருந்து ஷிங்கிளில் மட்டும் வரிசையாக அடி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

க்ளெய்ம் போடுவதா என்பதை இப்போது கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். நம்பகமான ரூஃபரின் மதிப்பீடு, ஜன்னல், கட்டர், வேலி, ஏசி, கராஜ் கதவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஒரே மழையில் ஆனதால் வீட்டுப் பாலிசியில் அத்தனைக்கும் சேர்த்து ஒரே டிடக்டிபிள். கூட்டுத்தொகை டிடக்டிபிளைத் தாண்டவில்லை, அல்லது சில நூறு டாலர்தான் தாண்டுகிறது என்றால் விட்டுவிடுங்கள். க்ளெய்ம் போட்ட விவரம் கம்பெனிகள் பகிர்ந்துகொள்ளும் பதிவேட்டில் ஏழு வருடம் வரை இருக்கும், க்ளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி இருந்தால் அதுவும் போகலாம். ஆயிரக்கணக்கில் தாண்டினால் தயங்காமல் போடுங்கள். பிரீமியம் ஏறுமா என்றால், பெரிய மழைக்குப் பிறகு அந்த வட்டாரம் முழுக்க ஏறத்தான் செய்யும், க்ளெய்ம் போடாமல் இருந்த வீட்டுக்கும் ஏறும். அந்தப் பயத்தில் உரிய பணத்தை விடுவது நியாயமில்லை. கார் அடிபட்டிருந்தால் அது கார் பாலிசியில் மோதல் அல்லாத சேதத்துக்கான காம்ப்ரிஹென்சிவ் பகுதியில் தனி க்ளெய்ம்.

க்ளெய்ம் போட்டபின் கம்பெனி 15 நாளில் அதைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லி வேலையைத் தொடங்க வேண்டும். கேட்ட ஆவணங்கள் எல்லாம் கிடைத்தபின் 15 வேலை நாளில் ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல வேண்டும். பெரும் பேரிடர் என்றால் மாநிலம் கூடுதல் அவகாசம் தரும். அட்ஜஸ்டர் வரும் நாளில் வீட்டில் இருங்கள், நீங்கள் தேர்ந்தெடுத்த ரூஃபரையும் வரச் சொல்லுங்கள். அட்ஜஸ்டர் ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி சதுரம் சாக்பீஸால் வரைந்து, அதற்குள் எத்தனை இடத்தில் அடிபட்டிருக்கிறது என்று எண்ணி வட்டமிடுவார். கூடவே ஒருவர் மேலே இருந்தால் எதுவும் விடுபடாது. மறுத்தாலோ குறைத்தாலோ, காரணத்தை எழுத்தில் கேட்டு, உங்கள் படங்களோடு மறு ஆய்வு கேளுங்கள். பல நேரங்களில் இரண்டாவது அட்ஜஸ்டர் வேறு முடிவு சொல்வார். அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் சார்பில் கம்பெனியோடு பேச பப்ளிக் அட்ஜஸ்டர் என்று லைசென்ஸ் பெற்றவர்கள் இருக்கிறார்கள், டெக்ஸாஸில் அவர்கள் கிடைக்கும் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. மாநிலக் காப்பீட்டுத் துறையிலும் இலவசமாகப் புகார் கொடுக்கலாம்.

கூரையை மாற்றும் நிலை வந்தால் க்ளாஸ் 4 ஷிங்கிளுக்கு விலை கேளுங்கள். 2 அங்குல எஃகு உருண்டையை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போட்டும் பாய் கிழியாத ரகம் அது. விலை கொஞ்சம் கூடும், பல கம்பெனிகள் பிரீமியத்தில் தள்ளுபடி தருகின்றன. தள்ளுபடி வேண்டுமென்றால் ரூஃபர் கையெழுத்திட்ட சான்றுப் படிவத்தைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். வெறும் தோற்றச் சேதத்துக்குப் பணம் இல்லை என்ற நிபந்தனையைத் தள்ளுபடியோடு சேர்க்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் நிறத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் காந்த உருளையால் புல்வெளியையும் டிரைவ்வேயையும் இரண்டு தடவை கூட்டச் சொல்லுங்கள். பழைய ஆணிகள் எங்கெங்கோ தெறித்திருக்கும், குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடம்.

எல்லாப் பில்லையும் படங்களையும் ஒரு ஃபோல்டரில் வையுங்கள். பின்னால் வீட்டை விற்கும்போது நீங்கள் நிரப்பும் படிவத்தில், காப்பீட்டுப் பணம் வாங்கிவிட்டுப் பழுது பார்க்காமல் விட்டதுண்டா என்று ஒரு கேள்வி வரும். வாங்க வருபவரின் காப்பீட்டுக் கம்பெனியும் கூரையின் வயதைக் கேட்கும்.